நான்கு விரற்கடை

அந்தப் படத்தை வரைந்தவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மட்டாஞ்சேரியில் எங்கள் சந்தில் இன்று என் பேச்சு வந்தால் எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள். அதில் பொய் இல்லை. ஆனால் அந்தப் படத்தில் ஒரு தப்பு இருந்தது. அதை நானே கண்டுபிடித்து, சொல்லவேண்டியவளிடம் சொல்லவும் செய்தேன். அவள் அதை விழுங்கிவிட்டாள். மூன்று வருஷம் என் வீட்டில் சோறு தின்றவள், என்னை நம்பவைத்துக் கழுத்தறுத்தாள். இதைவிட மரியாதையாக எழுத எனக்கு மனசு வரவில்லை.

எங்கள் சந்து ஜூ டவுனுக்குப் பின்னால் காயலை ஒட்டி இருக்கிறது. பழம்பொருள் கடைகளுக்கு வருகிறவர்கள் வழி தவறினால்தான் இங்கே எட்டிப் பார்ப்பார்கள். பதினோரு வீடுகள். ஒன்றோடொன்று ஒட்டியவை, நடுச்சுவர் பொது. நான் கல்யாணமாகி இங்கே வந்து இருபது வருஷம் ஆகிறது. எனக்கு மலையாளம்தான் எழுத வேகமாக வரும். கோபம் வந்தால் மட்டும் தமிழ். அதனால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

விருச்சிக மாதம், அதாவது கார்த்திகை, பிறந்துவிட்டால் எங்களுக்கு வேலியேற்றம். கடல் காயலுக்குள் ஏறும், காயல் எங்கள் வாசலுக்குள் ஏறும். அதற்கு மழையும் வேண்டாம், காற்றும் வேண்டாம். விடிகிற நேரத்தில் சத்தமில்லாமல் ஓடை வழியாகவும் தரையோட்டின் இடுக்கு வழியாகவும் வந்து, ஒன்றிரண்டு மணி நேரம் நின்றுவிட்டுப் போய்விடும். எந்த நாளில் எவ்வளவு ஏறும் என்று காலண்டர் சொல்வதை முழுக்க நம்ப முடியாது. அதனால் சந்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் வீட்டில் முதலில் கால் நனைகிறதோ அவர்கள் நடுச்சுவரில் மூன்று தட்டு தட்டவேண்டும். அதைக் கேட்டவர்கள் அடுத்த சுவரில் தட்டவேண்டும். இப்படியே பதினோரு வீடும் எழுந்துவிடும். என் பக்கத்து வீட்டு அக்கா அம்மிக் குழவியால் தட்டுவாள். என் வீட்டுக்காரருக்கு ஏலூரில் ஷிப்ட் வேலை. பாதி நாள் நான் தனியாகத்தான் படுப்பேன். அந்தக் குழவிச் சத்தத்தை நம்பி இருபது வருஷமாக அலாரம் வைக்காமல் தூங்கியிருக்கிறேன்.

இன்னொரு வழக்கமும் உண்டு. வினை அதில்தான் வந்தது. அந்த வருஷத்தின் பெரிய ஏற்றம் வந்து வடிந்ததும் ஒவ்வொரு வீட்டிலும் வாசல் நிலையில் ஆணியால் ஒரு கோடு கீறுவோம். தண்ணீர் நின்ற ஈரம் தெரிகிற இடத்தில் அல்ல. ஈரத்தின் மேல் விளிம்பில் நான்கு விரலைப் படுக்கவைத்து, அதற்கு மேலே கீறுவோம். படகு போனால் அலை அடிக்கும், வீட்டுக்குள் யாராவது அவசரமாக நடந்தாலும் தண்ணீர் தளும்பும். கட்டில் காலுக்கு எத்தனை செங்கல், ஃப்ரிட்ஜுக்கு எத்தனை செங்கல் என்று அடுத்த வருஷம் பார்ப்பதற்கான கோடு அது. சாமானைக் காப்பாற்றப் போடுவது. இதை யாரும் யாருக்கும் விளக்கிச் சொன்னதில்லை. பார்த்துப் பழகிய காரியம், அதனாலேயே அதைப் பற்றிப் பேசவேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

இனி அவளைப் பற்றிச் சொல்கிறேன்.

மகர மாதத்தில், அதாவது தையில், காயல் நன்றாக வற்றுகிற நாட்களில் எங்கள் வீடுகளுக்குப் பின்னால் சேற்றில் ஒரு சுவர் தலைகாட்டும். செம்மண் நிற வெட்டுக்கல், மேலெல்லாம் சிப்பி ஒட்டியிருக்கும். முக்கால் மணி நேரம் தெரியும், பிறகு மூழ்கிவிடும். நாங்கள் அதில் உட்கார்ந்து மீன் கழுவுவோம். ஒரு நாள் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண் சேற்றில் மண்டியிட்டு அந்தக் கல்லைப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. கால் கழுவ ஒரு பக்கெட் தண்ணீர் கேட்டு என் கொல்லைப்புறம் வந்தாள். பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம், தொல்லியல் ஆராய்ச்சி செய்கிறவள். நான் தமிழில் பேசியதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

“அக்கா, இது கரை இடியாம இருக்கக் கட்டின சுவரில்ல, கேட்டோ. கோட்டையோட காலாக்கும்.”

“கோட்டையா? நாங்க இதுல மீன் கழுவிட்டிருக்கோம்.”

“நல்லதாப் போச்சு. இல்லேன்னா ஆராவது பேத்து எடுத்துட்டுப் போயிருப்பாங்க.”

அன்று சாயா குடித்தபடி அவள் சொன்னதை நான் மறக்கவில்லை. சுவர் ஓரிடத்தில் வெளிப்பக்கமாக வளைகிறது, அது கொத்தளம். அதன் அஸ்திவாரம் காயல் எவ்வளவு வற்றினாலும் தண்ணீருக்கு அடியில்தான் இருக்கிறது. தண்ணீருக்குள் நின்று யாரும் அவ்வளவு ஒழுங்காக அஸ்திவாரம் போடமாட்டார்கள். அப்படியானால் கட்டிய காலத்தில் அது காய்ந்த தரை. “கல்லு அங்கயேதான் இருக்கு அக்கா. காயல்தான் மேல ஏறி வந்திருக்கு,” என்றாள். கொத்தளத்தின் மேல் நின்று யாரோ காயலைக் காவல் காத்திருக்கிறார்கள், இப்போது காயல் அந்தக் கொத்தளத்தையே மூடியிருக்கிறது என்று நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதை மறைத்து என்ன பயன்.

எனக்கு எர்ணாகுளத்தில் ஒரு கட்டடப் படம் போடும் ஆபீசில் வேலை. தினமும் படகில் போய், கார் நிறுத்தும் ஷெட்டுக்கும் குளியலறைக்கும் கோடு போட்டுவிட்டு, படகில் திரும்புவேன். அவளுக்குக் கல் வேலை தெரியும், படம் போடக் கை வராது. நான் போட்டுத் தருகிறேன் என்றேன். அவள் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். அங்கே பிராட்வே கடைத்தெருவில் தேடி நல்ல டிரேசிங் பேப்பர் வாங்கினேன். மூன்று மகர மாதங்கள், வற்றம் வருகிற ஒவ்வொரு நாளும் அவள் சேற்றில் நின்று அளவு சொல்ல, நான் மீன் கூடையைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து குறித்துக்கொள்வேன். தண்ணீர் திரும்ப ஏறும்போது இருவரும் ஓடிவந்து கப்பைக் கிழங்கும் மத்திக் கறியும் சாப்பிடுவோம். ஒரு நாள் என் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

“எல்லாரும் வெறும் கரைச்சுவர்னுதான் சொல்றாங்க அக்கா. ஒருத்தரும் நம்பல.”

“நான் நம்பறேன்டி மோளே,” என்றேன். மனசறிந்து சொன்னேன்.

மூன்றாவது வருஷம் அவளுக்கு எங்கள் வாசல் கோடுகள் தேவைப்பட்டன. இன்றைக்குக் காயல் எவ்வளவு ஏறுகிறது என்று தெரிந்தால்தான் அன்றைக்கு எப்படி இருந்தது என்று யோசிக்க முடியும் என்றாள். பதினோரு வீட்டுக்கும் அவளைக் கூட்டிக்கொண்டு போனவள் நான். பக்கத்து வீட்டு அக்கா சுக்குக் கிடங்கில் வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தாள், தலைமுடியெல்லாம் சுக்குத் தூசி. புதிதாக யார் அளவு டேப்பை எடுத்தாலும் அவளுக்குப் பிடிக்காது.

“இது ஆரு? எதுக்கு அளக்கறா?”

“நம்ம கொச்சுப் பொண்ணுதான் அக்கா. படிக்கிறதுக்கு.”

“நீ சொன்னா செரி,” என்று கதவை அகலத் திறந்துவிட்டாள்.

ஒவ்வொரு வாசலிலும் அந்தப் பெண் கோட்டில் கைவைத்து அதே கேள்வியைத்தான் கேட்டாள்: “இது வரைக்கும் வெள்ளம் வந்துச்சா?” ஒவ்வொரு வாசலிலும் தலையாட்டினார்கள். நானும் என் வாசலில் தலையாட்டினேன். யாரும் பொய் சொல்லவில்லை. அந்தக் கோட்டைப் பார்த்தால் எங்களுக்கு அந்த வருஷத்து ஏற்றம்தான் ஞாபகம் வரும், நடுவில் நான்கு விரல் இருப்பது மனசில் வரவே வராது. பதினோரு வீட்டில் ஒருத்திக்காவது தோன்றியிருக்கலாம். தோன்றவில்லை.

படம் போடும்போதுதான் எனக்கு உறைத்தது. என் வீட்டின் குறுக்குவெட்டை வரைந்து, அவள் தந்த அளவில் தண்ணீர் மட்டத்தைப் போட்டால், அது அடுக்களைப் பலகைக்கு மேலே போனது. அந்தப் பலகையில் என் அரிசிப் பானை இருக்கிறது. இருபது வருஷத்தில் ஒரு தடவைகூட அரிசி நனைந்ததில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பார்த்தேன். மறுநாளே அவளிடம் சொன்னேன், என் கையை நிலையில் வைத்துக் காட்டியே சொன்னேன்.

அவள் நிலையில் இருந்த என் விரல்களைக் குனிந்து பார்த்தாள். பிறகு நோட்டை எடுத்து எழுதினாள். அவள் எழுதியதை நான் பார்த்தேன்.

“எல்லா வீட்டிலயும் இப்படித்தானா அக்கா?”

“எல்லா வீட்டிலயும். படத்துல தண்ணிக் கோட்டைக் கீழ இறக்கிடறேன்.”

“வேண்டாம், கோடு இருக்கறபடியே இருக்கட்டும். நெலையில இருக்கறதை அப்படியே காட்டறதுதான் மொறை. கீழ நான் குறிப்பு போட்டுக்கறேன்.”

படம் போடுகிறவளுக்கு ஒரு புத்தி உண்டு: தப்பான கோடு கையை விட்டுப் போகக் கூடாது. அந்தப் புத்தி அன்றைக்கு என்னிடம் சொன்னது, நான் கேட்கவில்லை. படித்தவள் முறை என்று சொல்கிறாள், நமக்கென்ன தெரியும் என்று விட்டுவிட்டேன். மூலையில் என் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தேன். என் பெயர் ஒரு கோட்டைப் படத்தில் வருகிறதே என்று பெருமை வேறு. இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

அதற்குப் பிறகு அவள் போன் குறைந்தது. சில மாதம் கழித்து சந்துக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. காயல்கரைப் பழைய கோட்டையைத் தோண்டி எடுத்துப் பாதுகாக்க ஒரு திட்டம், அதைப் பற்றிப் பேசப் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் கூட்டம், வீட்டுக்காரர்கள் எல்லாரும் வரவேண்டும். எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. கடைசியில் நம்பிவிட்டார்கள், பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டாள் என்று நினைத்தேன். நல்ல புடவை கட்டிக்கொண்டு போனேன்.

மேடையில் அவள் இருந்தாள். என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தாள். திட்டத்து அதிகாரி ஒருவர் திரையில் படங்களைக் காட்டினார். சுவர் எங்கள் வீடுகளின் அடியிலும் தொடர்கிறதாம். அது எனக்குப் புதுச் செய்தி. அவள் என்னிடம் சொன்னதே இல்லை. பிறகு என் படம் வந்தது. பதினோரு வீட்டின் வாசல்கள், பதினோரு கோடுகள், மூலையில் என் கையெழுத்து. அதற்கு அடுத்த படத்தில் அதே வீடுகள், அவற்றில் ஒன்பது சிவப்பாக. முழங்காலுக்கு மேல் தண்ணீர் நிற்கும் வீடு குடியிருக்கத் தகுதியற்றது என்பது அவர்கள் சட்டமாம். சிவப்பு வீட்டுக்காரர்களுக்கு ஊருக்கு வெளியே ஃபிளாட் தருவார்கள், காலி செய்த இடத்தில் தோண்டுவார்கள். அந்த நான்கு விரலைக் கழித்துவிட்டால் ஒன்பதில் ஏழு வீட்டில், என் வீட்டிலும்கூட, தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான். படத்தின் அடியில் ஒரு குறிப்பும் இல்லை. நான் ஒவ்வொரு மூலையாகத் தேடினேன்.

எழுந்து நின்றேன்.  அந்தக் கோடு தண்ணீர் வந்த இடம் இல்லை, நான்கு விரல் மேலே போடுவது எங்கள் வழக்கம், படம் தப்பு என்றேன்.

அதிகாரி மலையாளத்தில் கேட்டார், மரியாதையாகவே: “இது வரச்சது ஆரா?”

“நான்தான்.”

மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நீங்களே வரைந்து, கையெழுத்தும் போட்டு, இப்போது தப்பு என்றால் நாங்கள் எதை எடுத்துக்கொள்வது என்று கேட்டார். மேடையில் இருந்தவள் நோட்டைத் திறந்து காட்டினால் போதும், அந்தப் பக்கம் அவள் கையில்தான் இருக்கிறது. அவள் தலையைக் குனிந்து பேனாவை மூடினாள், திறந்தாள். பக்கத்து நாற்காலியில் இருந்த அக்கா மெல்ல என் பக்கம் திரும்பினாள்.

“நீயா வரஞ்ச? நீதானே கூட்டிட்டு வந்தே அவளை?”

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சத்தம் போட்டிருந்தால் தேவலை.

மண்டப வாசலில் அந்த ஆராய்ச்சிக்காரியை மறித்தேன். அவள் ஓடவில்லை, அதையும் சொல்லவேண்டும்.

“குறிப்பு எங்கடி?”

“எடுத்துட்டாங்க அக்கா.”

“ஆரு?”

“நான்தான்,” என்றாள். “அது இருந்தா ஆரையும் வீட்டை விட்டு எழுப்ப முடியாது. எழுப்பலேன்னா தோண்ட முடியாது. காயல் வருஷாவருஷம் ஏறிட்டுத்தானே இருக்கு? கொஞ்ச வருஷத்துல அந்தக் கோட்டுக்கே வெள்ளம் வந்துரும். அப்ப நீங்களே போகத்தான் போறீங்க. கோட்டை ஒண்ணுதானே அக்கா இருக்கு.”

“வீடும் எனக்கு ஒண்ணுதான்.”

அவள் கண் நிறைந்துவிட்டது. எனக்கு இரக்கம் வரவில்லை. இதில் என்னை அதிகம் எரிக்கிறது எதுவென்றால், கோட்டையை நிரூபிக்க அந்த நான்கு விரல் வேண்டியதே இல்லை. வளைந்த சுவரும் தண்ணீருக்கடியில் இருக்கும் அஸ்திவாரமும் போதும், அதை நான் இன்றும் நம்புகிறேன். அந்த நான்கு விரல் தேவைப்பட்டது எங்களை எழுப்ப மட்டும். கல் விஷயத்தில் அவள் ஒரு பொய்யும் சொல்லவில்லை. எங்கள் விஷயத்தில் மட்டும் சொன்னாள்.

சந்துக்காரர்கள் சேர்ந்து மனு கொடுத்தார்கள். என்னையும் கையெழுத்துப் போட விட்டார்கள், கடைசி வரியில். அதிகாரி நியாயமான மனுஷர். சரி, வருகிற பெரிய ஏற்றத்தன்று தண்ணீர் நிற்கும்போதே வாசல் நிலையில் அளவுகோல் வைத்து ஃபோட்டோ எடுத்து, அன்றைக்கே அனுப்புங்கள், ஒவ்வொரு வீட்டுக்கும் அந்தப் படத்தையே எடுத்துக்கொள்கிறோம் என்றார். வடிந்த பிறகு எடுத்தது செல்லாது. நான் ஆபீசிலிருந்து பதினோரு அளவுகோல் வாங்கி வந்து வீடு வீடாகக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டில் அக்கா வாசலில் வைத்துவிட்டுப் போகச் சொன்னாள்.

அமாவாசைக்கு மறுநாள்தான் பெரிய ஏற்றம் என்று காலண்டர் சொன்னது. அன்றைக்கு வீட்டுக்காரரை லீவு போடச் சொல்லியிருந்தேன். அளவுகோல், சார்ஜ் ஏற்றிய போன், எல்லாம் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் தயாராக இருந்தன.

அது ஒரு நாள் முன்னாலேயே வந்துவிட்டது. நான் எழுந்தபோது ஜன்னலில் நல்ல வெளிச்சம். தரையில் கால் வைத்தால் கணுக்கால் அளவு தண்ணீர், அதுவும் வாசல் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது, வடிகிற ஓட்டம். ஒரு செருப்பு மிதந்து வெளியே போயிற்று. எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. குழவிச் சத்தம் கேட்டதாக ஞாபகமே இல்லையே, அவ்வளவு அசந்தா தூங்கினேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். அக்காவுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்றுகூடப் பயந்தேன்.

வெளியே வந்தால் சந்து முழுக்க விழித்திருந்தது. ஒவ்வொரு நிலையிலும் அளவுகோல் கயிற்றில் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. என் வீட்டைத் தாண்டி அந்தப் பக்கத்து வீட்டிலும் தொங்கியது. அவர்களை யார் எழுப்பினார்களோ, என் சுவரைத் தட்டாமல் சுற்றி நடந்து போய்த்தான் எழுப்பியிருக்க வேண்டும். படிகளில் உட்கார்ந்து ஒருவர் போனை ஒருவர் வாங்கிப் பார்த்தபடி சாயா குடித்துக்கொண்டிருந்தார்கள். பல மாதம் கழித்து அந்தச் சந்தில் சிரிப்பு கேட்டது. என்னைப் பார்த்ததும் நின்றது.

அக்கா புடவையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு தன் வாசல் படியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, தட்டலையே?”

அவள் தேய்ப்பதை நிறுத்தினாள். “குழவியை எடுத்தேன். பின்ன வச்சிட்டேன்.”

“ஏன்?”

“அளவெல்லாம் உனக்குத் தெரியுமே. நீதானே வரைஞ்சு குடுக்கற ஆளு.”

அவள் குரலில் கோபம்கூட இல்லை. தண்ணீரை அள்ளி ஊற்றிவிட்டு உள்ளே போனாள். சண்டை போடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் அவள் கதவை அகலத் திறந்துவிட்டதும், நீ சொன்னா செரி என்றதும் என் கண் முன்னால் நின்றன. மூன்று வருஷம் அந்தக் கல் தேய்த்தவளை நான் எப்படி நம்பினேனோ, அப்படித்தான் அக்கா அன்றைக்கு என்னை நம்பினாள்.

வீட்டுக்குள் வந்து நிலையைப் பார்த்தேன். ஈரம் இன்னும் காயவில்லை. அதன் மேல் விளிம்பில் நான்கு விரலைப் படுக்கவைத்தேன். ஆள்காட்டி விரல் பழைய ஆணிக்கீறலைச் சரியாகத் தொட்டது. ஃபோட்டோ எடுத்தேன். எடுத்து என்ன? தண்ணீர் வடிந்த படம் செல்லாது, அதுவும் நான் எடுத்த படத்தை யார் நம்புவார்கள்? இருந்தாலும் அனுப்பினேன், பதில் வரவில்லை. மறுநாள் தண்ணீர் படியோடு நின்றுவிட்டது.

தை மாதம் புதுப் பட்டியல் வந்தது. ஆறு வீட்டுக்குச் சிவப்பு மாறிவிட்டது. கடைக்கோடியில் இருக்கும் தாழ்வான இரண்டு வீட்டில் உண்மையிலேயே முழங்காலுக்கு மேல் வருகிறது, அவர்கள் போகச் சம்மதித்துவிட்டார்கள். மூன்றாவது சிவப்பு என் வீடு; பட்டியலில் அதற்கு எதிரே ஒரு குறிப்பு இருந்தது, சின்ன எழுத்தில்: புதிய அளவு கிடைக்கவில்லை, பழைய வரைபடத்தின்படி.